லேத்தில் எந்த உலோகத்துக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு ஃபீட்?

லேத்தில் வேலை பழக வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்பீடில போடுறது?" என்றுதான். இதற்கு ஒற்றை எண்ணில் பதில் இல்லை. நிமிடத்துக்கு 280 சுற்றில் ஓடும் மெசினில் 30 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியைக் கட்டினால் சாதாரண ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் (உலோகத்தைச் சீவும் கருவி) அதை அழகாகச் சீவும். அதே 280 சுற்றில் 200 மி.மீ. வார்ப்பிரும்புக் கப்பியைக் கட்டினால் டூலின் முனை சில விநாடிகளில் கருகிப்போகும். மெசினும் மாறவில்லை, டூலும் மாறவில்லை. உலோகம் டூலின் முனையைக் கடந்து ஓடும் வேகம்தான் மாறியிருக்கிறது.

அந்த வேகத்தைத்தான் வெட்டுவேகம் என்கிறோம். நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் என்று அளப்பது வழக்கம். 30 மி.மீ. கம்பி ஒரு தடவை சுற்றினால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 94 மி.மீ. ஓடுகிறது. 200 மி.மீ. கப்பி ஒரு தடவை சுற்றினால் 628 மி.மீ. ஓடுகிறது. ஆகவே 280 சுற்றில் கம்பிக்குக் கிடைப்பது நிமிடத்துக்கு 26 மீற்றர், கப்பிக்குக் கிடைப்பது 176 மீற்றர்.

மனதில் வைக்கவேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று:

நிமிடச் சுற்று = 318 × வெட்டுவேகம் ÷ விட்டம்

வெட்டுவேகம் மீற்றரில், விட்டம் மி.மீ.இல். 1000ஐ π (3.14) ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 318. அவசரத்துக்கு 300 என்று வைத்தாலும் பிழையில்லை, கொஞ்சம் பாதுகாப்பான பக்கம் நிற்கும். அந்தக் கப்பிக்கு 20 மீற்றர் வேகம் வேண்டுமென்றால் 318 × 20 ÷ 200, அதாவது 32 சுற்று. பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதி) போட்டால்தான் அந்த வேகம் வரும். பழைய அங்குல அளவு லேத் வைத்திருப்பவர்கள் 4 × அடிவேகம் ÷ அங்குல விட்டம் என்று பார்க்கலாம்; நிமிடத்துக்கு 100 அடி என்பது ஏறக்குறைய 30 மீற்றர்.

கணக்கில் வரும் எண் மெசினில் அப்படியே இருக்காது. தலைப்பெட்டியில் 70, 115, 180, 280, 440 என்று படிகள்தான் இருக்கும். இரண்டு படிக்கு நடுவில் வந்தால் குறைந்ததை எடுங்கள்.

வேகம் ஏன் டூலைக் கொல்கிறது?

உலோகத்தைச் சீவும்போது செலவாகும் சக்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. அதில் பெரும்பகுதியைச் சீவல் கொண்டுபோகிறது. மிச்சம் டூலின் முனையில் தங்குகிறது. ஹைஸ்பீட் ஸ்டீல் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை கடினமாக நிற்கும். அதைத் தாண்டினால் முனை இளகி மழுங்கும். கார்பைட் என்ற இன்னும் கடினமான டூல் பொருள் அதைவிட நூற்றுக்கணக்கான பாகை கூடுதலாகத் தாங்கும். அதனால்தான் கார்பைட்டுக்கு மூன்று, நான்கு மடங்கு வேகம் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் 26 ஆண்டுகள் இதையே பரிசோதித்தார்; 800,000 இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்பையும் உருக்கையும் சீவலாக்கியபின் 1906இல் முடிவை வெளியிட்டார். அவர் கண்ட தொடர்பு இன்றும் நிற்கிறது: வேகம் சற்றுக் கூடினாலே டூலின் ஆயுள் படுவேகமாகக் குறையும். ஹைஸ்பீட் ஸ்டீலுக்கு வேகத்தை 10 வீதம் கூட்டினால் ஆயுள் பாதிக்குக் கீழே வந்துவிடும். 20 வீதம் கூட்டினால் நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஃபீட்டை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, கூட்டினாலும் ஆயுள் குறையும்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. வெட்டு ஆழத்தின் பாதிப்பு இன்னும் குறைவு.

பழகுபவர் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இதிலிருந்துதான் வருகிறது. முதலில் மெசினும் வேலைத்துண்டும் தாங்கும் அளவுக்கு ஆழத்தை எடுங்கள். பிறகு தாங்கும் அளவுக்கு ஃபீட். கடைசியாக, டூல் தாங்கும் அளவுக்கு வேகம். பயத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வேகத்தை ஏற்றிவிட்டு, ஃபீட்டை மயிரிழையாக வைக்கிறார்கள். அப்போது முனை உலோகத்துக்குள் இறங்காமல் அதன் மேல் உரசுகிறது. உரசல் வெப்பத்தைத் தருமே தவிரச் சீவலைத் தராது. வேகத்தைக் குறையுங்கள், ஃபீட்டைப் பட்டினி போடாதீர்கள்.

கையில் இருப்பது என்ன உலோகம்?

பாடப்புத்தகத்தில் உலோகத்தின் தரம் எழுதியிருக்கும். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா பக்கத்துப் பட்டறைகளுக்கு வருவது பெரும்பாலும் பழுதுபார்ப்பு வேலை. லாண்ட்மாஸ்டர் அச்சு, ட்ரெயிலர் பின், நெல் ஆலை புஷ், வோட்டர் பம்ப் ஷாஃப்ட், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் படகு எஞ்சின் ஷாஃப்ட் எல்லாம் பெயர்ச்சீட்டு இல்லாமல்தான் மேசைக்கு வரும். புதிதாகச் செய்யவும் பழைய இரும்புக் கடையில் எடுத்த கம்பிதான் கிடைக்கும். வேகம் தெரிவு செய்வதற்கு முன்னால் உலோகத்தை அடையாளம் காணவேண்டும்.

கிரைண்டர் கல்லில் மெல்லத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் நீண்ட மஞ்சள் கோடுகளாகப் பறக்கும். நுனியில் ஒன்றிரண்டு கிளைதான் இருக்கும். கார்பன் கூடக் கூடக் கிளைகள் கூடி, பூப்போல வெடிக்கும். பழைய ஸ்பிரிங் பட்டை, ஃபைல் ஆகியவற்றில் இது நன்றாகத் தெரியும். வார்ப்பிரும்பின் பொறி கட்டையாக, கல்லருகே மங்கிய சிவப்பாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பொறி குறைவு, கட்டை, கிளையும் குறைவு. 304 ரக ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது, அல்லது மிக மெல்லவே இழுபடும். ஆனால் காந்தத்தில் நன்றாக ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ரகங்களும் உண்டு. அலுமினியம், பித்தளை இரண்டையும் கல்லில் வைக்கவே வேண்டாம். பொறி வராது. கல்லின் துளைகளை அடைத்து, கல் சூடேறி வெடிக்கவும் இடமுண்டு.

அடுத்தது ஃபைல். ஃபைல் கடித்தால் ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் வெட்டும். ஃபைல் வழுக்கினால் அந்தத் துண்டு கடினப்படுத்தப்பட்டது. கார்பைட்டை எடுங்கள், இல்லையென்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

வன்னியில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பழைய இரும்போடு வரும் இனந்தெரியாத பித்தளைக் கோது, இரண்டு பக்கமும் மூடிய தடித்த உருளை, செட்டை வைத்த குழாய் எதையும் கிரைண்டரில் தொடவும் கூடாது, சக்கில் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் பிடியில்) கட்டவும் கூடாது, வெட்டிப் பார்க்கவும் கூடாது. வெடிக்காத பொருள் எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் வெடிக்கும். தொடாமல் விலகி, மற்றவர்களையும் விலக்கி, பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள்.

உலோகத்துக்கு உலோகம்

கீழே வரும் வேகங்கள் ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்கு, நிமிடத்துக்கு மீற்றரில். இவை தொடங்கும் இடம் மட்டும்தான். சீவலைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

மைல்ட் ஸ்டீலுக்கு 25 முதல் 30. இதுதான் அளவுகோல், மற்றவற்றை இதோடு ஒப்பிட்டு நினைவில் வைக்கலாம். தண்ணீரில் கரையும் ஒயிலை 1 பங்குக்கு 20 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும். மிக மெதுவாக ஓட்டினால் உலோகத் துணுக்கு முனையில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும். மைல்ட் ஸ்டீலில் சொரசொரப்பு வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இதற்கு டூலின் மேல்முகத்தைக் கூடுதலாகச் சரித்துத் தீட்டி, ஒயில் விடவேண்டும்.

ஈ.என்.8 போன்ற நடுத்தரக் கார்பன் உருக்குக்கு 20 முதல் 25. பின்னும் ஷாஃப்ட்டும் செய்ய ஏற்றது இது. ஈ.என்.19, ஈ.என்.24 போன்ற கலப்பு உருக்குக்கு 12 முதல் 18.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 12 முதல் 18. இதில்தான் பழகுபவர்கள் அதிகம் டூலை இழக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 304, 316 ரகங்கள் வெட்டும்போதே, வெட்டிய மேற்பரப்பில் கடினமாகிவிடும். அந்தக் கடினப்பட்ட தோல் ஒரு மி.மீ.இல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். அடுத்த வெட்டு அந்தத் தோலுக்குக் கீழே போகவேண்டும். ஃபீட்டை 0.05 மி.மீ. என்று வைத்தால் முனை முழு நேரமும் கடினத் தோலுக்குள்ளேயே உழன்று மழுங்கும். மழுங்கிய முனை இன்னும் உரசும், உரசல் இன்னும் கடினமாக்கும். ஆகவே ஃபீட் 0.1க்குக் கீழே வேண்டாம், ஆழம் 0.3க்குக் கீழே வேண்டாம். டூல் தொட்டபடி ஃபீட்டை நிறுத்தி யோசிக்கவும் கூடாது; யோசிக்கவேண்டுமென்றால் டூலைப் பின்னால் எடுங்கள். மேலும் இந்த உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. சூடு முனையிலேயே நிற்கும். ஒயில் தாராளமாக வேண்டும்.

வார்ப்பிரும்புக்கு 18 முதல் 24. கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) வேண்டாம், உலர்வாகவே வெட்டலாம். உள்ளே கிராஃபைட் இருப்பதால் சீவல் பொடியாக உதிரும். வார்ப்பின் வெளித்தோலில் மணலும் கடினப் படலமும் இருக்கும். 0.3 மி.மீ. என்று தடவிப் பார்த்தால் முனை முழுவதும் அந்த மணலில்தான் தேயும். முதல் வெட்டே 1.5 முதல் 2 மி.மீ. ஆழம் போய்த் தோலுக்கு அடியில் நுழையவேண்டும். முதல் வெட்டுக்கு வேகத்தை இன்னும் குறைக்கலாம். வேலை முடிந்ததும் கரும்பொடியைத் துடைத்து எடுங்கள். ஒயிலோடு சேர்ந்தால் லேத்தின் வழித்தடத்தை அரைத்துவிடும்.

பித்தளைக்கு 45 முதல் 60, இன்னும் கூடவும் போகலாம். டூலின் மேல்முகம் சரிவில்லாமல் மட்டமாக இருக்கவேண்டும். சரிவு இருந்தால் டூலை உலோகமே உள்ளுக்கு இழுத்துவிடும். பொஸ்பர் வெண்கல புஷ்ஷுக்கு 20 முதல் 35. பித்தளை என்று நினைத்து வேகத்தை ஏற்றி, வெண்கலத்தில் டூலை எரிப்பது நடக்கிற விஷயம். அலுமினியத்துக்கு 75 முதல் 120. முனையில் ஒட்டும் குணம் உண்டு, மண்ணெண்ணெய் தடவினால் ஒட்டாது.

வெல்டிங் போட்டு நிரப்பிய ஷாஃப்ட் தனி ரகம். தேய்ந்த அச்சில் வெல்டிங் போட்டுக் கடைந்து தருவது நமது பட்டறைகளில் அன்றாட வேலை. ஈ.என்.8 போன்ற கார்பன் உள்ள அச்சில் வெல்டிங் போட்டதும் வேகமாக ஆறினால், ஒட்டுக்கு அருகே கண்ணாடிபோலக் கடினமான இடங்கள் உருவாகும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றுவதுதான் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம். வெடிப்பும் வரும், டூலும் போகும். வெல்டிங்குக்கு முன் அச்சைச் சூடாக்கி, முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். கசடு முழுவதையும் தட்டி எடுங்கள். வெட்டும்போது ஹைஸ்பீட் ஸ்டீல் என்றால் 12 மீற்றருக்கு மேல் வேண்டாம். கார்பைட் என்றால் 40 முதல் 60. மேடு பள்ளத்தில் டூல் ஏறி இறங்கி அடிபடும், ஆகவே முதல் வெட்டில் மிக ஆழமான பள்ளத்தையும் தொடுமளவுக்கு ஆழம் கொடுத்தால் அடி குறையும்.

ஒரு பின்னை முழுவதும் கணக்கிட்டுப் பார்ப்போம்

35 மி.மீ. ஈ.என்.8 கம்பியிலிருந்து 30 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளத்தில் ஒரு ட்ரெயிலர் பின் வேண்டும். குறைக்கவேண்டியது விட்டத்தில் 5, அதாவது ஆரையில் 2.5 மி.மீ. மெருகு வெட்டுக்கு ஆரையில் 0.3 விட்டுவிட்டு, மிச்சம் 2.2ஐ இரண்டு முரட்டு வெட்டாக, ஒவ்வொன்றும் 1.1 ஆழத்தில் எடுக்கலாம்.

முரட்டு வெட்டு: வேகம் 22 என்று எடுத்தால் 318 × 22 ÷ 35, 200 சுற்று. மெசினில் 180 இருந்தால் அதுதான். ஃபீட் ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. டூல் நிமிடத்துக்கு 180 × 0.25 = 45 மி.மீ. நகரும், 120 மி.மீ. போக 2 நிமிடம் 40 விநாடி. இரண்டு வெட்டுக்குப் பிறகு விட்டம் 30.6.

மெருகு வெட்டு: ஆழம் குறைவென்பதால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். 280 சுற்றில் 30.6 மி.மீ.க்கு 27 மீற்றர் வரும். ஃபீட் 0.1. ஏறக்குறைய நாலேகால் நிமிடம்.

இங்கே ஃபீட் ஏன் 0.1 என்று கேட்கலாம். டூலின் மூக்கு வளைவு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு வரப்பை விட்டுச்செல்கிறது. வரப்பின் உயரம் ஃபீட்டின் வர்க்கத்தை மூக்கு ஆரையின் 8 மடங்கால் வகுத்தால் வரும். மூக்கு ஆரை 0.8 என்றால், 0.25 ஃபீட்டில் வரப்பு ஏறக்குறைய 10 மைக்ரோன். 0.1 ஃபீட்டில் 1.6 மைக்ரோன்தான். மேற்பரப்பு மினுங்கவேண்டுமென்றால் வேகத்தை ஏற்றுவதைவிட, மெருகு வெட்டில் மட்டும் ஃபீட்டைக் குறைத்து, மூக்கை எண்ணெய்க்கல்லில் உருட்டித் தீட்டுவதுதான் வழி. மூக்கை அளவுக்கு மிஞ்சி உருட்டினால் மெல்லிய கம்பி அதிரும்.

வெட்டத் தொடங்குமுன் குறுக்குச் சறுக்கியின் (டூலை உள்ளே வெளியே நகர்த்தும் பகுதியின்) டயலைப் பாருங்கள். சில லேத்தில் ஒரு பிரிவு நகர்த்தினால் விட்டத்தில் அந்த அளவு குறையும். சிலவற்றில் ஆரையில் குறையும், விட்டத்தில் இரட்டிப்பாகும். தெரியாமல் வெட்டினால் அந்த ட்ரெயிலர் பின் ஒரே வெட்டில் பழைய இரும்புக்குப் போகும்.

மரை வெட்டும்போது ஃபீட் என்பது மரையின் இடைவெளியேதான், அதைக் குறைக்க வழியில்லை. ஆகவே வேகத்தை மூன்றிலொன்றாக்குங்கள். துண்டு பிரிக்கும் வெட்டுக்கு வேகம் பாதி, ஃபீட் 0.05 முதல் 0.1.

கார்பைட் வாங்கினால் வேகமாகப் போகலாமா?

போகலாம், மோட்டர் இடம் கொடுத்தால். ஒட்டிய கார்பைட் டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் 80 முதல் 120, வார்ப்பிரும்பில் 60 முதல் 80, ஸ்டெயின்லெஸில் 50 முதல் 80 மீற்றர் என்பார்கள். ஆனால் 100 மீற்றர் வேகத்தில், 3 மி.மீ. ஆழம், 0.3 ஃபீட்டில் மைல்ட் ஸ்டீலை வெட்ட ஏறக்குறைய 3 கிலோவாட் வேண்டும், அதாவது 4 குதிரைவலு. வீட்டு 230 வோல்ட் இணைப்பில் ஓடும் 2 குதிரைவலு லேத் அதில் பெல்ட்டை வழுக்கவிட்டு நின்றுவிடும். கார்பைட் கடினமானது, ஆனால் நொறுங்கும். வெட்டுக்குள் இருக்கும்போதே சக் நின்றால் முனை உடைந்துபோகும். கரண்ட் வோல்டேஜ் இறங்கும் நேரங்களில் இது இன்னும் மோசம். சிறிய மெசினில் ஆழத்தை 1 மி.மீ.க்கும் ஃபீட்டை 0.15க்கும் இறக்கினால் அரைக் கிலோவாட்டோடு அதே வேகத்தில் போகலாம். கார்பைட்டுக்குக் கூலண்ட் விடுவதென்றால் தொடர்ந்து விடுங்கள், அல்லது விடவே வேண்டாம். சூடான முனையில் இடைக்கிடை பீச்சினால் வெடிப்பு விழும்.

சீவலையும் சத்தத்தையும் பாருங்கள்

ஹைஸ்பீட் ஸ்டீல் டூலில் மைல்ட் ஸ்டீல் சீவல் வெள்ளியாகவோ வெளிர்மஞ்சளாகவோ வரவேண்டும். நீலமாக வந்தால் வேகம் கூட. உடனே ஒரு படி இறக்குங்கள். கார்பைட்டில் நீலச் சீவல் இயல்பானது, வெப்பம் சீவலோடு போகிறது என்று அர்த்தம். முடிவில்லாத நாடாவாக வந்தால் ஃபீட் போதாது. 0.05 கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் உடைந்து விழத் தொடங்கும். அந்த நாடாவைக் கையால் இழுக்கவேண்டாம், கொக்கியால் எடுங்கள். கையுறையோடும், சாரம் கட்டிக்கொண்டும் ஓடும் லேத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது.

கீச்சென்று கத்தி, மேற்பரப்பில் அலைபோலக் கோடு விழுந்தால் அது அதிர்வு. பலர் உடனே ஃபீட்டைக் குறைப்பார்கள். அது அதிர்வைக் கூட்டவே வாய்ப்பு அதிகம். வேகத்தைக் குறைத்து ஃபீட்டைச் சற்றுக் கூட்டுங்கள். டூல் தாங்கிக்கு வெளியே நீண்டு நிற்கிறதா, முனை மையத்தின் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி அதன் விட்டத்தின் நான்கு மடங்குக்குமேல் சக்குக்கு வெளியே நீண்டால் மறுமுனையைத் தாங்கப் பின்மையம் கொடுக்கவேண்டும்.

ட்ரில்லுக்கும் இதே கணக்குத்தான்

ட்ரில் பிட்டுக்கு விட்டம் என்பது பிட்டின் விட்டம். 10 மி.மீ. பிட்டால் மைல்ட் ஸ்டீலில் 25 மீற்றர் வேகத்துக்கு 800 சுற்று, ஃபீட் 0.15. ஸ்டெயின்லெஸுக்கு 12 மீற்றர் என்றால் 380 சுற்று. கை ட்ரில்லை முழுக்க அமத்தினால் பெரும்பாலும் 2800 சுற்றுக்கு மேல் ஓடும்; 10 மி.மீ. பிட்டுக்கு அது 88 மீற்றர், ஸ்டெயின்லெஸ் தாங்கும் வேகத்தின் ஏழு மடங்கு. படகு வேலைக்கு ஸ்டெயின்லெஸ் தகட்டில் துளை போடப்போய், பிட் எரிந்து, துளையின் அடியும் கடினமாகி, அடுத்த பிட்டும் ஏறாமல் நிற்பது இதனால்தான். கை ட்ரில் தவிர வேறு இல்லையென்றால் வேகத்தைக் குறைக்கும் திருகு உள்ள ட்ரில்லை எடுத்து, மிக மெதுவில் வைத்து, முதலில் 4 மி.மீ. பிட்டால் வழி போட்டு, ஒயில் விட்டு, பலமாக அமத்துங்கள். சீவல் வருகிறதா என்று பாருங்கள். வராமல் பிட் சுற்றிக்கொண்டு மட்டும் இருந்தால் உடனே எடுத்து முனையைத் தீட்டுங்கள். ஏற்கெனவே கடினமாகிப்போன துளையை அதே பக்கத்தில் போராடாமல், தகட்டைப் புரட்டி மறுபக்கத்திலிருந்து போடலாம்.